கிணறு, மோட்டார், தம்பி!

1986-ல் நான் கறுப்புக் கோட்டை மாட்டியபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே சட்டம், தையல் கூலி பாக்கி வைத்தால் டெய்லர் கோட்டைத் தரமாட்டார் என்பதுதான்!

தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறை. சீனியருக்கு அப்போதே முப்பது வருஷ சர்வீஸ். கேஸ் கட்டுக்களைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஹைகோர்ட்டுக்கு ஓடுவதும், 'சீனியர் அடுத்த கோர்ட்டில் இருக்கிறார், மை லார்ட்' என்று பாஸ் ஓவர் கேட்பதும்தான் என் வேலை. சம்பளமா? பஸ் செலவும் மத்தியான டிபனும். சினிமா வக்கீல் மாதிரி மேஜையைத் தட்ட ஒரு சான்ஸ்கூட வரவில்லை.

ஒருநாள் பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். தம்பியோடு கிணற்றுப் பங்குத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டில் அப்பீல் போட்டு, அங்கேயும் தோற்றிருந்தார். ''ஹைகோர்ட்டுல ஒரு கை பார்த்துடலாங்கய்யா'' என்று மடியிலிருந்து நோட்டுக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு மூன்று மாச வாடகை பாக்கி. நோட்டுக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனியர் பணத்தைத் தொடவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டைப் படித்தார்.

''பெரியவரே, அங்கே போய்ப் புதுசா சாட்சி விசாரிக்க முடியாது. முன்சீப் கோர்ட்டுல உங்க சாட்சி என்ன சொன்னாரோ, அதான் கடைசிவரைக்கும். 1976-ல சட்டத்தைத் திருத்தினப்புறம், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் செகண்ட் அப்பீலை ஹைகோர்ட் கையில எடுக்கும். உங்க கட்டுல இருக்கறது கிணறு, மோட்டார், தம்பி. இதுல எது சட்டக் கேள்வி? ஊருக்குப் போய் முறை வெச்சுத் தண்ணி இறைங்க.''

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். 'பிழைக்கத் தெரியாத மனுஷன்' என்று சீனியரை மனசுக்குள் திட்டினேன்.

1997-ல் எனக்கென்று தனி அறை, தனி போர்டு. வந்தவாசிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அதே கதை. கிணற்றுக்குப் பதில் வண்டிப்பாதை, தம்பிக்குப் பதில் அண்ணன். அவ்வளவுதான் வித்தியாசம். கட்டைப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது, தேறாது என்று. ஆனாலும் சட்டக் கேள்வி என்று நாலு ஜோடித்து அப்பீல் போட்டேன். அட்மிஷனில் தப்பித்தது. ஃபீஸில் ஸ்கூட்டர் வாங்கினேன்.

ஒன்பது வருஷம் கழித்து 2006-ல் டிஸ்மிஸ். நடுவில் அந்த அண்ணன் செத்துப்போயிருந்தார். கேஸ் நடக்கிறதென்று இவர் சாவுக்குக்கூடப் போகவில்லையாம்.

வராந்தாவில் நின்று கேட்டார்: ''ஐயா, இது இப்படித்தான் முடியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?''

ஜட்ஜ் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிப் பழகியவன் நான். அன்றைக்கு கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றேன்.

அதற்கப்புறம், தேறாத அப்பீலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன். இந்தத் தொழிலில் சட்டம் படிக்க ஐந்தாறு வருஷம் போதும். வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் படிப்பதற்குத்தான் எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

போன வாரம்கூட ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போனதும், என் ஜூனியர் முகத்தைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த முகம்!

''எத்தனை மாச வாடகை பாக்கி தம்பி?'' என்று கேட்டேன்.