மீனின் கண்ணும் நான் எழுதிய செய்தியும்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மீன் வாங்கத் தெரியாது என்றால் எவரும் நம்பமாட்டார்கள். எழுபதுகளில் பத்திரிகையொன்றின் உதவி ஆசிரியனாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது என் நிலை அதுதான். பாசையூர்ச் சந்தைக்கு அம்மாவின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். தெரிவு செய்தவர் அவர்.

அம்மா முதலில் விலை கேட்கமாட்டார். மீனின் கண் துருத்தித் தெளிவாக இருக்கிறதா, குழிந்து மங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார். அதுவும் போதாதென்று முதுகுத் தசையை விரலால் அமுக்குவார். பள்ளம் மறையாமல் நின்றுவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

புதிய மீன் என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. விளைமீனும் ஒட்டியும் சொதிக்கு. அவற்றின் மென்மையான தசை தேங்காய்ப்பாலின் சுவையைக் கெடுக்காது. அறக்குளா இறுக்கமானது, முள் குறைந்தது. விருந்தாளி வந்தால் மாத்திரம் எங்கள் வீட்டுக்கு வரும். பாசி தின்னும் ஓராவுக்குத் தனி மணம் உண்டு. குடலை உடனே அகற்றிப் புளி தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தால் அதற்கு இணையில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. என் மனைவி இதை ஏற்பதில்லை. சுறாவை மட்டும் அம்மா முகர்ந்து பார்த்தே வாங்குவார். அதன் உடலில் இயல்பாகவே உள்ள யூரியா, நேரம் செல்ல அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அந்த வேதியியலை நான் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அம்மாவின் மூக்குக்கு அது முன்னரே தெரிந்திருந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் பெட்டி கட்டி ஒருவர் மீன் கொண்டுவருவார். நீர்கொழும்புக்காரர். வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் பேசுபவர். என்னுடைய மீதிப் படிப்பு அவரிடம்தான். ஒருநாள் சூரை கேட்டேன். “இது வேண்டாம் ஐயா. ஐஸ் கரைஞ்சு போச்சு. சாப்பிட்டா மேலெல்லாம் கடிக்கும்” என்றார். சூரை வெப்பத்தில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும்; சமைத்தாலும் அது அழியாது; முகம் சிவந்து உடல் தடிக்கும். விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திராது. அவர் விற்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். கடலில் பிணங்கள் மிதக்கையில் மீனை எப்படித் தின்பது என்ற பேச்சு கொழும்பெங்கும் பரவியது. மக்கள் மீன் உண்ண அஞ்சுகின்றனர் என்று நானும் ஒரு செய்தி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. மக்கள் அஞ்சியது உண்மையே. ஆனால் அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்று நான் ஒரு மருத்துவரிடமேனும் கேட்கவில்லை. அடுத்த நாட்களில் கேட்டபோது, அத்தகைய ஆபத்து இல்லை என்றார்கள். அதையும் எழுதினேன். முதற் செய்தி முன்பக்கத்தில் வந்தது. இரண்டாவது உட்பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே வந்தது.

மூன்று வாரங்களின் பின் அவருடைய மணியொலி கேட்டது. பெட்டியைத் திறந்தார். உள்ளே கத்தரிக்காயும் பயிற்றங்காயும் இருந்தன.

“ஐயாட பேப்பரை மகன் வாசிச்சுக் காட்டினான்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் பதில் சொல்வது இலகுவாக இருந்திருக்கும். இரண்டாவது செய்தியைப் பற்றிச் சொன்னேன். அதை அவர் பார்க்கவில்லை. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். மிச்சக் காசை வற்புறுத்தித் திருப்பித் தந்தார்.

பிறகு பெட்டிக்குள் மீன் திரும்பியது. என்றாலும், நான் வாசலில் நிற்கும்போது முன்போல வாய்விட்டுப் பேசமாட்டார்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவியது. மறுபடியும் எவரும் மீன் வாங்கவில்லை. முன்னாள் கடற்றொழில் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆரச்சி அடுத்த மாதம் ஊடகச் சந்திப்பொன்றில் முழு மீனொன்றைப் பச்சையாகக் கடித்துக் காட்டினார். பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியிருந்தன. எழுதச் சொல்வாரும் இல்லை.

தடைகள் தளர்ந்த ஒரு காலையில், பழையவரின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தகப்பனுக்கு நடக்க முடியாது என்றான். அயல்வீடுகளின் கதவுகள் திறக்கவில்லை. நான் வெளியே போய் நின்றேன். கேட்காமலே ஒரு விளைமீனை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டினான். சிவப்பாக இருந்தது. இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னேன்.

“இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கு?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.