கண்ணாடியை மீனுக்குக் காட்டுங்கள்

சிவகாசியில் வெடிச்சத்தம் கேட்கத் தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், வெளியூர் வியாபாரிக்குப் போட்டுக் காட்டும் சாம்பிள் வெடி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். இங்கே வண்ணமீன் கடை வைத்திருக்கும் என்னிடம் வருகிறவர்கள் கேட்பதும் அதைப் பற்றித்தான்: "அண்ணாச்சி, சத்தத்துல மீன் செத்துருமா?"

சத்தத்தில் சாவது அபூர்வம். மிரண்டு போய்க் கண்ணாடியில் மோதித்தான் சாகிறது. காற்றில் வரும் ஓசையில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். தண்ணீருக்குள் போவது பெரும்பாலும் தரையிலிருந்து ஸ்டாண்டு வழியாக ஏறும் அதிர்வு. அதோடு ஜன்னலில் பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம், வேடிக்கை பார்க்க ஓடும் பிள்ளைகளின் காலடி. மீனின் பின்மூளையில் மௌத்னர் செல் என்று ஒரு ஜோடி பெரிய நரம்பணு உண்டு. அதிர்வு எட்டியதும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் உடம்பு வில்லாக வளையத் தொடங்கி எதிர்ப்பக்கம் பாயும். ஆற்றில் இந்தப் பாய்ச்சல்தான் கொக்கின் அலகிலிருந்து தப்ப வைக்கிறது. மூன்றடித் தொட்டியில் அதுவே மூக்கை உடைக்கிறது.

எல்லா மீனும் ஒரே மாதிரி மிரளாது. கெண்டை இனத்துக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் குட்டி எலும்புகள் இருப்பதால் கேட்கும் திறன் அதிகம். சில்வர் ஷார்க் பெயரில்தான் சுறா. அது கெண்டைதான், நம் தொட்டி மீன்களிலேயே பயங்கொள்ளி. குட்டியாக வாங்கிப் போவார்கள். முழுசாக வளர்ந்தால் ஓர் அடி. மிஸ் கேரளாவும் சில்வர் டாலரும் அதற்கு அடுத்த படி. கோல்ட் பிஷ்ஷுக்கும் இதே காதுதான், ஆனால் அந்த உருண்டை உடம்புக்கு மோதிச் சாகிற வேகம் வராது. அரோவானா மேலே எகிறும். மூடியில் கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் காலையில் தரையில் கிடக்கும்.

சில்வர் ஷார்க் கேட்கிறவர்களிடம் நான் முதலில் தொட்டியின் நீளத்தைத்தான் கேட்பேன். ஐந்தடிக்குக் குறைவு என்றால் வேறு மீனைக் காட்டுவேன். விற்பனை போகும், பரவாயில்லை. ஒற்றையாகவும் கொடுப்பதில்லை. கூட்டமாக இருந்தால் மிரட்சி பாதியாகக் குறையும்.

அடுத்தது கண்ணாடி. அங்கே ஒரு தடுப்பு இருப்பது மீனுக்குத் தெரியாது, தெரியவைக்க வேண்டும். பின்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டி மறைத்துவிட்டால் மீன் அந்தப் பக்கம் முழுவேகத்தில் பாய்வது குறைகிறது. அச்சகம் நிறைந்த ஊரில் காகிதத்துக்கா பஞ்சம்? கேலண்டர் வேஸ்ட் ஷீட்டில் கறுப்பு மை முழுசாக ஏறிய தாளைக் கேட்டு வாங்கி ஒட்டுவேன். சாமி படம் போட்ட பக்கம் வேண்டாம். மீனுக்கு ஒன்றுமில்லை, பார்க்கிற நமக்குத்தான் உறுத்தும். இரண்டு ஓரங்களிலும் வேலம்பாசியை அடர்த்தியாக விட்டால் மோதினாலும் பாசியில்தான் மோதும். கூர்மையான கல், சிப்பி அலங்காரம் எல்லாம் வெளியே.

தொட்டிக்கு அடியில் தெர்மாகோல், ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த ரப்பர். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆப்செட் மிஷின் ஓடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு மீன் பழகிவிடும். திடீரென்று வருவதுதான் அதற்கு எதிரி. ராத்திரி கரண்ட் போய் வந்ததும் தொட்டி விளக்கு குப்பென்று எரிவது வெடியைவிட மோசம். அதனால் விளக்குக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். அறை விளக்கு முதலில், தொட்டி விளக்கு கொஞ்சம் கழித்து. 2018-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. கடிகாரம் பார்த்து யாரும் நிறுத்துவதில்லை என்பதால் அன்று மாலையிலிருந்தே அறை விளக்கை எரியவிட்டு ஜன்னலை மூடிவிடுவேன். இருட்டில்தான் மின்னல் வெளிச்சம் பயமுறுத்தும்.

சொல்லாமல் வரும் சத்தம் ஒன்று இருக்கிறது. பகலில் நிலம் அதிர்ந்து ஜன்னல் கதவு ஆடினால் இந்த வட்டாரத்தில் எவனும் தொட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டான். எந்தப் பட்டாசு ஆலை, நம்ம வீட்டு ஆள் எங்கே என்று போன் போடத்தான் கை போகும். மீனை நினைக்கச் சாயங்காலமாகிவிடும், சில நாள் மறுநாளாகிவிடும். அதனால்தான் காகிதமும் பாசியும் மூடியும் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறேன்.

மோதிய மீனுக்கு முதல் வைத்தியம் வலை போடாமல் இருப்பது. வலை மேல்தோலின் வழுவழுப்பை உரித்துவிடும். கிருமி நுழைய அந்த வழி போதும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டுக் காற்றைக் கூட்டுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம். கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். கெண்டை இனத்தின் தோல் கிழிந்தால் அதிலிருந்து கசியும் ஒரு பொருள் மற்ற மீன்களை மிரள வைக்கும் என்று விலங்கியலாளர் கார்ல் வான் பிரிஷ் 1938-இலேயே எழுதியிருக்கிறார். ஒன்று மோதினால் அடுத்தடுத்து மோதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு உப்பு. அயோடின் சேர்க்காத கல் உப்பு, 100 லிட்டருக்கு 100 கிராம், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றவே மீனின் தெம்பு போய்விடும். தண்ணீரில் உப்பேறினால் அந்தச் சுமை குறைகிறது. எங்கள் வெயிலில் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றியதை நிரப்பும்போது மறுபடி உப்புப் போடக் கூடாது. ஆவியானது தண்ணீர் மட்டுமே.

சிலர் மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கிப் பிரித்துக் கொட்டுவார்கள். சுண்ணாம்பு மிகுந்த நம் போர் தண்ணீரில் அந்த மருந்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும், பாதி வேலை செய்யாது. பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. காயத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தால் மட்டும் தனித் தொட்டியில் மெத்திலீன் புளூ. சில்வர் ஷார்க்கை அதற்காகச் சின்னத் தொட்டிக்கு மாற்றினால் அங்கேயும் மோதும், எனவே மூக்கு சிராய்ப்புக்கெல்லாம் இடம் மாற்றுவதில்லை.

கண் மங்கியிருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணே போய்விட்டால் பிழைக்குமா என்று கேட்பார்கள். பிழைக்கும், தீனியை மட்டும் பார்வை உள்ள பக்கமாகப் போடுங்கள், மற்ற மீன்கள் முந்திக்கொள்வதற்குள்.