இடது கைக் கையெழுத்து

ஞாயிறு, மார்ச் 3, 2024

அண்ணன் மகனுக்குத் தொடை எலும்பில் தகடு வைத்தாகிவிட்டது. வலது மணிக்கட்டிலும் மாவுக்கட்டு. கூலிம் ஹைடெக்கில் ராத்திரி ஷிப்ட் முடித்து மோட்டாரில் கரங்கானுக்கு வந்துகொண்டிருந்தவனை, சந்தியிலிருந்து திரும்பிய லோரி அடித்துப் போட்டது வியாழக்கிழமை விடியற்காலை. வயது இருபத்து மூன்று.

இன்று மதியம் கட்டிலருகே ஓர் ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஜிப் வைத்த பை, நாலு ஆரஞ்சு. சொந்தக்காரர் யாரோ என்றுதான் நினைத்தேன். "சாப்டிங்களாக்கா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"ஒரு காசு போட வேணாம். லாயர் நம்ம ஆளு. கெடைக்கிறதுல முப்பது பெர்சன்ட், அவ்வளவுதான். இப்பவே செலவுக்கு ரெண்டாயிரம் வெள்ளி தர்றேன்."

அண்ணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. படுக்கையில் நாலு தாள். இரண்டில் மலாயில் ஏதோ அச்சிட்டிருந்தது, இரண்டு வெறும் தாள். வலது கை முடியாது என்று தெரிந்துதான் வந்திருக்கிறார் மனிதர். பையிலிருந்து மைப்பெட்டி வந்தது. பையனின் இடது கட்டைவிரலை அவர் பிடித்தபோது நான் மைப்பெட்டியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்குப் பார்ப்போம் தம்பி."

"நாளைக்குன்னா லோரிக்காரன் முந்திக்குவான்க்கா."

போய்விட்டார். ஆரஞ்சு நல்ல இனிப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய், மார்ச் 5

அண்ணி பேசவில்லை. இரண்டாயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. அண்ணன் போனபின் பையன் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. எனக்கு ஆசிரியை பென்ஷன் வருகிறது, அதனால் மைப்பெட்டியைப் பிடுங்க முடிந்தது. அது இல்லாவிட்டால் நானே அவன் விரலைப் பிடித்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அப்பா டப்ளின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். செக்ரோல் பதிவேட்டில் பேருக்கு நேரே விரலை வைப்பார். எதில் வைக்கிறோம் என்று கேட்டதில்லை. கேட்டால் கிராணிக்குக் கோபம் வரும். 1947இல், தோட்ட இளைஞர்களின் தொண்டர் படைக் காலத்தில், டப்ளினில் போலீஸ் சுட்டபோது அவருக்குப் பதினேழு வயது. பிடிபட்டவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "கூண்டுல நின்னவனுக்கு, அவனப் பத்தி என்ன பேசுறாங்கன்னே தெரியல."

அந்த வாக்கியத்தைப் பழங்கதை என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே விரலைத்தான் பிடித்தார்கள்.

புதன், மார்ச் 6

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒருத்தி இப்போது சுங்கைப் பட்டாணியில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. போனில் முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தாள். டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கிடைப்பதில் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்வதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. ஆளை வைத்துக் கேஸ் பிடிப்பதும் குற்றம், ஒழுங்கு வாரியம் வரை போகும். இருந்தும் இப்படிக் கேஸ் பிடிக்கிற ரன்னர் இல்லாத ஆஸ்பத்திரி உண்டா என்று அவளே சிரித்தாள். அவசரமும் பொய்: இந்த மாதிரி விபத்துக்கு வழக்குப் போட ஆறு வருஷம் உண்டு. அதற்காகத் தூங்கக் கூடாது, சாட்சி மறந்துபோவான். லோரி அரசாங்கத்துடையது என்றால் மட்டும் மூன்றே வருஷம். நல்ல வேளை, தனியார் லோரி.

வக்கீலுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற தொழில் சான்றிதழ் வேண்டும். டிசம்பர் 31ஓடு காலாவதி. பெயரைத் தட்டினால் வக்கீல் மன்றத்தின் இணையப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ரன்னர் சொன்ன "நம்ம ஆளு" பெயரைத் தட்டினோம். ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம் என்றாள், நியாயமான பெண்.

வியாழன், மார்ச் 7

முதல் வக்கீல். நாளை வெள்ளி, எங்கள் கெடாவில் வார விடுமுறை, ஆபீஸ் கிடையாது என்று அடித்துப் பிடித்துப் போனேன். சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள், நடுவில் லண்டன் லிங்கன்ஸ் இன். இங்கிலாந்தில் வாதாடுகிற பாரிஸ்டர் வேறு, கேஸ் கட்டு தயாரிக்கிற சொலிசிட்டர் வேறு. இங்கே இரண்டும் ஒரே ஆள்தான், ஆனால் நம் ஜனங்களுக்கு "லண்டன் பாரிஸ்டர்" என்ற சொல்லில் இன்னும் ஒரு மயக்கம். துங்கு அப்துல் ரஹ்மான்கூடப் பாரிஸ்டர்தான். ஜப்பான்காரன் வந்தபோது இதே கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர், சண்டையெல்லாம் ஓய்ந்தபின் நாற்பது வயதுக்கு மேல் மறுபடி லண்டன் போய்ப் பாஸ் பண்ணினார். அவர் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தார். கேஸ் நடத்தத் தெரியுமா என்பதற்கு அது சாட்சி இல்லை.

இந்த வக்கீல் என்னைப் பார்த்தது ஆறு நிமிஷம். போலீஸ் ரிப்போர்ட்டைத் திறக்காமலே ஒரு தொகை சொன்னார். பெரிய தொகை. டாக்டர் அறிக்கையே வரவில்லை, எந்த எலும்பு என்றுகூட அவர் கேட்கவில்லை. "கவலப்படாதீங்கம்மா, சைன் மட்டும் வாங்கிட்டு வாங்க."

மறுபடியும் சைன்.

ஞாயிறு, மார்ச் 10

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருப்பது கெடாவில் ஒரு வசதி. கூலிமில் கடைவீட்டின் மேல்மாடி. இரண்டாவது வக்கீல், நாற்பது வயதிருக்கும் அம்மா. தொகை ஏதும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். பையனுக்கு லைசென்ஸ் உண்டா, ரோட்டெக்ஸ் இருந்ததா, ஹெல்மெட் வார் மாட்டியிருந்தானா. கடைசியாக, "பேக்டரியிலிருந்து நேரா வீட்டுக்குத்தான் வந்தாரா?"

"ஆமாம்" என்றேன். "அவரையே கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

சாயங்காலம் கேட்டேன். பையன் கூரையைப் பார்த்தான். வழியில் மாமாக் கடை, ரொட்டி சானாய், நண்பர்கள், முக்கால் மணி நேரம். "சொல்லாத அத்த, பெர்கேசோ கெடைக்காம போயிடும்." வேலைக்குப் போகிற வருகிற வழி விபத்துக்குப் பெர்கேசோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, பணம் தரும், நடுவில் வழி மாறினாலோ வேறு வேலைக்கு நின்றாலோ சிக்கல். ஆள் விவரம் தெரிந்துதான் வாயை மூடியிருக்கிறான்.

இரவெல்லாம் யோசித்தேன்.

திங்கள், மார்ச் 11

வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை, எழுதிக்கொண்டார். "பெர்கேசோவுல கேள்வி வரும். லோரி மேல போடுற கேஸுக்கு இதனால ஒண்ணும் இல்ல. இத நான் எதிர்த்தரப்பு வக்கீல் வாயால கோர்ட்ல கேட்டிருந்தா, அதுதான் மோசம்."

அப்புறம் என் முறை. நோட்டைப் பிரித்தேன். பைலை யார் வைத்திருப்பார்கள், கோர்ட்டில் நிற்பது நீங்களா உதவியாளரா, பீஸ் எவ்வளவு, இன்சூரன்ஸ் செக் யார் பெயரில் வரும். அவர் வரிசையாகப் பதில் சொன்னார். பைல் உதவியாளரிடம், விசாரணைக்கு அவரே. பங்கு கிடையாது, பீஸ் இன்னது, டாக்டர் அறிக்கை, பதிவுக் கட்டணம் தனி, எல்லாம் எழுத்தில். செக் ஆபீஸின் கட்சிக்காரர் கணக்குக்கு வரும், கணக்குச் சீட்டோடுதான் கைக்கு வரும். வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில். சாலை விபத்துக்கு அங்கே தொகை வரம்பு இல்லை. ஒவ்வோர் எலும்புக்கும் இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று வழிகாட்டிப் பட்டியலே இருக்கிறதாம். ஆடிப்போனேன். மணிக்கட்டு ஒரு விலை, தொடை ஒரு விலை. அண்ணி பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்வதையும் கணக்கில் கேட்கலாமாம். டாக்சி ரசீது, கைத்தடி ரசீது எதையும் வீசக் கூடாது.

"எவ்வளவு நாளாகும்?"

"வருஷத்துக்கு மேல. சீக்கிரம்னு நான் சொன்னா நம்பாதீங்க."

கீழே இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் வலி. முன்பணத்துக்கு என் சேமிப்பில் கை வைக்க வேண்டும். ரன்னர் பணம் கொடுக்க வந்தார், இவர் பணம் கேட்கிறார். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது?

புதன், மார்ச் 13

சொன்னேன். கத்தினாள். பிறகு ரன்னரின் நம்பரை அவளே போனில் தடுத்து வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வியாழன், மார்ச் 21

பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். வக்கீலின் உதவியாளர் பத்திரங்களோடு கரங்கானுக்கே வந்தார். பினாங்குப் பையன், தமிழ் கொஞ்சம் தடுக்குகிறது, ஆனால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பீஸ் பத்தியை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

கையெழுத்து என்றதும் அண்ணி உள்ளே போய் மைப்பெட்டியைக் கொண்டு வந்தாள். அதேதான், என் கைப்பையிலிருந்து எடுத்து மேசை டிராயரில் போட்டிருந்தேன். கைநாட்டும் சட்டப்படி செல்லும், தகுந்த சாட்சி இருந்தால் போதும் என்றார் உதவியாளர்.

"வேணாம்மா" என்றான் பையன். தலையணைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்ட பயிற்சிப் புத்தகம். ஒரு வாரமாக இடது கையால் எழுதிப் பார்த்திருக்கிறான், என்னிடம் சொல்லவே இல்லை. முதல் பக்கங்களில் எழுத்தெல்லாம் சாய்ந்து விழுந்து கிடந்தது. 'ழ' மட்டும் ஒன்றாம் ஆண்டில் எழுதியதைவிட மோசம்.

பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துக்குப் பெட்டி போதவில்லை, கோட்டைத் தாண்டிப் போயிற்று. உதவியாளர் பரவாயில்லை என்றார்.