கேதாரம் செல்வோர் தோளில் ஒரு சிறு பை

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் திருக்கேதாரமும் ஒன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். இருவரும் திருக்காளத்தியில் இருந்தபடியே கேதாரநாதரை நினைந்து பாடினர் என்பது மரபு. நமக்கோ வழி எளிதாகிவிட்டது. சென்னையில் விமானம் ஏறினால் மறுநாள் இரவுக்குள் மலையடிவாரத்துச் சோன்பிரயாகையில் இருக்கலாம். கத்திரி வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு, இரண்டே நாளில் பனிச்சிகரங்களின் காலடியில் போய் நிற்கிறது. இந்த வேகத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

சோன்பிரயாகையிலிருந்து கௌரிகுண்டம் வரை 5 கிலோமீட்டர் ஜீப்பில் செல்லவேண்டும். அதன்பின் சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. கௌரிகுண்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,980 மீட்டர் உயரத்திலும் கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 பாகைக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுக்கணக்கு. கௌரிகுண்டத்தில் இதமாக இருந்த காற்று, மேலே சென்றதும் 10 பாகை குளிர்ந்துவிடுகிறது. மே மாதத்திலும் அக்டோபரிலும் இரவில் அது உறைநிலையைத் தொடுவது அங்கே அதிசயம் அன்று. காலையில் நீலமாக இருக்கும் வானம் பிற்பகலில் கறுத்து, மழையோ ஆலங்கட்டியோ கொட்டுவதும் அன்றாட நிகழ்ச்சி.

ஆயினும் யாத்திரிகரை வீழ்த்துவது வெறுங்குளிர் அன்று. ஈரம், காற்று, பசி, களைப்பு இவை நான்கும் குளிரோடு சேரும் வேளையே கொடியது. அந்த வேளையில் நம்முடைய கம்பளியும் மாற்றுடையும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அவை கோவேறு கழுதையின் முதுகில் நமக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அல்லது சுமைகாரரின் கூடையில் இருக்கும். யாத்திரைக்கு எவ்வளவு கொண்டு செல்வது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றே. பெட்டியில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தோளைவிட்டு இறங்காத ஒரு சிறு பை மட்டும் தனியாக இருக்கட்டும்.

என் மனைவியும் நானும் சென்ற குழுவில் பதினெட்டுப் பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உடன் வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். அதிகாலையில் கௌரிகுண்டத்தில் நீராடி, தூய பருத்தி வேட்டியும் சட்டையும் அணிந்து, ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே நடந்தார். பார்க்கப் பரவசமாக இருந்தது. ஜங்கிள் சட்டி, பீம்பலி எல்லாம் தாண்டினோம். 2013 ஜூன் வெள்ளத்தில் அடியோடு அழிந்துபோன ராம்பாராவின் எதிரே மந்தாகினியைக் கடந்து லிஞ்சோலி ஏற்றத்தில் இருந்தபோது ஆலங்கட்டியோடு மழை பிடித்துக்கொண்டது. சோன்பிரயாகைச் சாலையோரம் வாங்கிய மெல்லிய பாலிதீன் மழைச்சட்டை அவர் தோளில் இரண்டாகக் கிழிந்திருந்தது. பை கழுதையோடு முன்னே போய்விட்டது.

முதலில் பற்கள் கிட்டி நடுங்கினார். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. நாங்கள் ஆறுதல் அடைந்தோம். "இப்போது குளிரே தெரியவில்லை சார்" என்று அவரும் சொன்னார். ஆனால் சொற்கள் குழறின. சட்டைப் பொத்தானைப் போட முயன்ற விரல்கள் பொத்தானைத் தேடின. அருகில் தேநீர்க் கூடாரம் வைத்திருந்த நேபாளத்துக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே இழுத்துச் சென்று ஈர உடைகளைக் களையச் சொன்னார். என் மனைவியின் தோள்பையில் இருந்த உலர்ந்த கம்பளி உள்ளாடையும் குல்லாவும், என் பையில் இருந்த அவசரப் போர்வையும் அன்று அவருக்கு உதவின. சர்க்கரை மிகுந்த தேநீரை மிடறு மிடறாகப் பருகக் கொடுத்தார்கள். அரைமணி நேரத்துக்குப் பின் மீண்டும் நடுங்கத் தொடங்கினார். கூடாரக்காரர் அப்போதுதான் சிரித்தார்.

நடுக்கம் என்பது உடல் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ளும் முயற்சி. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது பேச்சு குழறும், நடை தள்ளாடும், அறிவு மங்கும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அதை நலம் என்று எண்ணுவது பெரும் பிழை. முதுமையில் குளிரை உணரும் திறனும் நடுங்கும் வலிமையும் குறைகின்றன. ஆகவே அறுபது கடந்தவர்கள் "எனக்குக் குளிரவில்லை" என்று சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். கையைத் தொட்டுப் பாருங்கள்.

இனி அந்தப் பைக்கு வருவோம். என்னுடையதைச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது ஒன்றேகால் கிலோ இருந்தது. பள்ளிப் பிள்ளையின் பையில் பாதி.

அதில் முதலிடம் உலர்ந்த உடைக்கு. கம்பளி அல்லது தெர்மல் எனப்படும் உள்ளாடை ஒரு ஜோடி, தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, காதை மூடும் குல்லா, கையுறை. இவற்றைப் பாலிதீன் பையில் இட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை இறுகக் கட்டி, அதை மற்றொரு பையில் இடவேண்டும். மழைக்குத் தாங்கும் பை என்று கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டாம். பருத்தி நம் நாட்டுக்கு வரப்பிரசாதம். ஆனால் மலையில் நனைந்த பருத்தி பகை. அது நீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். தரிசனத்துக்கு வேட்டி அணிய விரும்புவோர் அதை மடித்து எடுத்துச் சென்று கோயிலருகில் உடுத்திக்கொள்ளலாம். பதினாறு கிலோமீட்டரும் வேட்டியில் ஏறவேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதித்ததாக நான் அறியேன். இரண்டாம் ஜோடிக் காலுறை தரிசன வரிசைக்கு. காலணியைக் கழற்றிவிட்டு அந்தக் கல்தரையில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்து அவசரப் போர்வை. வெள்ளிக் காகிதம் போல் பளபளக்கும் மெல்லிய விரிப்பு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், எடை ஐம்பது அறுபது கிராம். இது காற்றையும் மழையையும் தடுக்கிறது. உடலின் வெப்பத்தை உடலுக்கே திருப்புகிறது. தானாக வெப்பம் எதையும் உண்டாக்காது. எனவே ஈர உடையின்மேல் போர்த்தினால் பயன் குறைவு. முதலில் உலர்ந்த உடை, பிறகு இது, இதன்மேல் சால்வை. தரையில் அமர நேர்ந்தால் அடியிலும் ஏதேனும் வேண்டும்; ஈரப் பாறை நம் சூட்டை உறிஞ்சிவிடும். பையின் முதுகுப்புறத்தில் பழைய பாயின் ஒரு துண்டை மடித்து வைத்திருக்கிறேன். கனமான பெரிய பாலிதீன் பை ஒன்றும் உண்டு. தலைக்கும் கைக்கும் துளையிட்டுக்கொண்டால் அது நல்ல மழைச்சட்டை.

பலரும் முதலில் நினைப்பது நெருப்பை. பக்தர்கள் பையில் கற்பூரம் எப்படியும் இருக்கும். ஈரச் சுள்ளியையும் பற்றவைக்க அதைப்போல் ஒன்று இல்லை என்பது உண்மையே. நானும் தீப்பெட்டியோடு ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆனால் லிஞ்சோலிக்கு மேலே மரங்களே அருகிவிடுகின்றன. விறகுக்கு எங்கே போவது? தங்கும் கூடாரத்துக்குள் கற்பூரமோ கரியடுப்போ ஏற்றுவது எமனை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்குபவர் எழுவதில்லை.

உண்மையான நெருப்பு வயிற்றில் இருக்கிறது. நம் பாட்டிமார் காசி யாத்திரைக்குக் கட்டிக்கொடுத்த பொருள்விளங்கா உருண்டையைவிடச் சிறந்த மலையுணவு எந்த நாட்டிலும் இல்லை என்பது என் கட்சி. வறுத்த பயறும் அரிசியும் வெல்லப்பாகும் சுக்கும் சேர்ந்த அந்த உருண்டை கெடாது, நசுங்காது, குளிரில் உடலுக்கு விறகாகும். பல் இடம் தராதவர்கள் கடலை மிட்டாயும் பேரீச்சையும் வைத்துக்கொள்ளலாம். பசி எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு முறை சிறிது உண்ணவேண்டும். விரதம் இருப்பவர்கள் ஏறும் நாளில் மட்டுமாவது பால், வெல்லம், பழம் கொள்வது நலம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம். குளிருக்கு மது நல்லது என்று சில சுமைகாரர்கள் சொல்வார்கள். அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே அனுப்பிவிடும்.

மற்றவை சிறியவை. நெற்றியில் கட்டும் விளக்கு. ஒரு விசில், மூடுபனியில் குரல் எட்டாத இடத்துக்கு அது எட்டும். அன்றாட மருந்துகள் இரண்டு நாளைக்கு. பெயர், இரத்தப் பிரிவு, நோய், குழுத்தலைவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை இந்தியிலும் எழுதிய ஒரு சீட்டு. கைபேசியைப் பையில் வைக்காமல் சட்டையின் உட்பையில் வையுங்கள். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும்.

ஹெலிகாப்டரில் போகிறோம், இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். பாட்டாவிலிருந்து சில நிமிடங்களில் மேலே இறங்குகிறார்கள். உடம்பு உயரத்துக்குப் பழகக்கூட நேரம் இல்லை. எடைக்கட்டுப்பாட்டால் பெட்டி கீழேயே நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் திரும்பலாம் என்று மெல்லிய சால்வையோடு செல்பவர்கள், மேகம் இறங்கி விமானம் நின்றுபோனால் இரவைக் கேதாரத்தில் கழிக்கவேண்டியதுதான்.

வங்கிப் பணியில் இருந்த நாளில் ஒரு கையிருப்பைத் தொடாமலே வைத்திருப்போம். தொட நேர்ந்தால் அன்றே நிரப்பவேண்டும். இந்தப் பையும் அப்படித்தான். வழியில் பசித்ததென்று உருண்டையையும், ஆசைக்கென்று புதுக் காலுறையையும் எடுத்துவிட்டால் அது வெறும் சுமை. வழிச்செலவுக்குத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினி பெருகியபோது, வெள்ளத்துக்குத் தப்பி மலைமேல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் காட்டில் குளிருக்கும் பசிக்கும் இரையானார்கள். கோயிலின் பின்னே வெள்ளத்தைப் பிளந்து நின்ற பீமசிலையைக் கண்டு கைகூப்பியபோது, எனக்கு அவர்கள் நினைவே மேலோங்கியது.

எங்கள் ஆசிரியர் மறுநாள் விடியலில், எங்கள் குல்லாவோடேயே வரிசையில் நின்று, கருவறையில் நெய் சாத்தி வழிபட்டார். இறங்கும்போது அவர் தோளில் ஒரு சிறு பை இருந்தது. கேதாரத்துக் கடைவீதியில் வாங்கியது. காலை ஆறரை மணிக்கே புறப்பட்டோம். இறக்கத்தில் கால் தளரும், கவனம் கலையும். பிற்பகல் மழைக்கு முன் பீம்பலியைத் தாண்டிவிடுவது நல்லது. கௌரிகுண்டத்தில் ஜீப் ஏறும் வரை பையை யாரும் கழற்றவில்லை.