விளக்கு வந்தான்

கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர், தாம் எழுதிய குறும்படக் குறிப்பொன்றைப் பிழை பார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்தார். 'சின்ன விளக்கு துள்ளிக்கொண்டு வந்தான்' என்று அதில் ஒரு தொடர். சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'திணை வழு' என்றெழுதி, 'வந்தது' எனத் திருத்தினேன். மாணவர் வருந்தினாரல்லர். "ஐயா, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருத்துங்கள்" என்றார். பல்லாண்டுகளாக நன்னூல் நடத்திவரும் எனக்கு அது சற்றே உறுத்திற்று. ஆயினும் சென்று பார்த்தேன்.

படத்தின் பெயர் 'லக்ஸோ ஜூனியர்'. பிக்ஸார் நிறுவனம் தோன்றிய 1986-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடைபெற்ற சிக்ராஃப் மாநாட்டில் திரையிடப்பெற்றது. ஏறத்தாழ 2 நிமிடமே ஓடும். மேசை விளக்குகள் இரண்டு, பந்து ஒன்று. விளக்குகளுக்குக் கண்ணில்லை, வாயில்லை, பேச்சுமில்லை. கேமரா நின்ற இடத்தைவிட்டு நகர்வதில்லை. சிறு விளக்கு பந்தின்மேல் ஏறிக் குதித்து அதை நசுக்கிவிடுகிறது. பெரிய விளக்கு கண்டிப்பதுபோல் தலையசைக்கிறது. தலைகவிழ்ந்து வெளியேறும் சிறு விளக்கு, முன்னதினும் பெரிய பந்தோடு திரும்பி வருகிறது!

இயக்கியவர் ஜான் லாசட்டர். தம் மேசை மீதிருந்த விளக்கையே அவர் மாதிரியாகக் கொண்டார். உடன் பணியாற்றிய ஒருவர் தம் கைக்குழந்தையை அலுவலகத்திற்குத் தூக்கிவர, உடலை நோக்கத் தலை பெரிதாயிருந்த அக்குழந்தையைக் கண்டதும், விளக்கொன்று குழந்தையாயின் எவ்வாறிருக்கும் என்று எண்ணலானார். தண்டுகளைக் குறுக்கினார், பல்பை மட்டும் குறுக்காது விட்டார். அதற்கு அவர் கண்ட காரணம் சுவையானது. பல்பு உடலோடு வளர்வதன்று. கடையில் வாங்கி மாட்டுவது. இவ்வளவு நுணுகி எண்ணியவர் விளக்கை அஃறிணையாகவா கருதியிருப்பார்?

அறிவியலார் பெருமிதம் கொண்டதோ நிழலில். விளக்கு அசைய ஒளியும் உடனசையும். ஒன்றன் நிழல் மற்றொன்றின்மீதும், தன்மீதேயும் பிழையின்றி விழவேண்டும். ஒளி இருக்கும் இடத்திலிருந்து நோக்கினால் எப்பொருள் எத்தொலைவில் முதலில் எதிர்ப்படுகிறது என்பதைக் கணித்துக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ளதையெல்லாம் நிழலாக்குவது அம்முறை. இதனை உருவாக்கியோருள் பில் ரீவ்ஸ் ஒருவர்.

திரையிடல் முடிந்ததும் கணிப்பொறி வரைகலை அறிஞர் ஜிம் பிளின் லாசட்டரை அணுகினார். நிழற்கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசட்டர் எதிர்பார்த்தார். பிளின் கேட்டது ஒன்றே: பெரிய விளக்கு தாயா, தந்தையா?

பின்னர் இப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கணிப்பொறி அசைவூட்டப் படங்களுள் அவ்வாறு பரிந்துரைக்கப்பட்ட முதற்படம் இதுவே. 2014-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. என் மனம் அவற்றில் நிற்கவில்லை. பிளினின் கேள்வியிலேயே நின்றது. கணக்கில் தேர்ந்த ஒருவர், கணக்கை மறந்து, விளக்கிற்குப் பால் கேட்கிறார்! உவப்பு மிகுதியால் ஒருவன் தன் பசுவைத் தாயென்றழைத்து 'வந்தாள்' என முடிப்பது வழுவன்று என ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். சொல்லிய எனக்கு மறந்தது, மாணவருக்கு மறக்கவில்லை.

மறுநாள் குறிப்பைத் திருப்பிக் கொடுக்குமுன், 'வந்தது' என்பதை அடித்தேன். 'திணை வழு' என்பதை அடிக்கவில்லை. அதனோடு 'வமைதி' என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்தேன். ஒற்றுப்பிழைகள் நான்கு இருந்தன, அவற்றை விடவில்லை.