போகிற கடிதம், வராத கடிதம்



நமது சபையின் ஜெபவிண்ணப்ப மின்னஞ்சல் கடந்த மாதம் ஒன்பது நாட்கள் செவிடாயிருந்தது. பேசும் திறன் போகவில்லை. வாராந்தர அறிவிப்புகள் வழக்கம்போல உங்கள் கைபேசிகளை வந்தடைந்தன. ஆகையால் பெரியகுளத்தில் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, உங்களுக்கு எழுதிய கடிதம் ஐந்தாம் நாளில் எனக்கே திரும்பி வந்துவிட்டதே" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. தென்கரையிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோகப்பட்ட தம் தாயாரின் அறுவைசிகிச்சைக்காக ஜெபிக்கும்படி எழுதியிருந்தார். அழைத்தபோது அறுவைசிகிச்சை முடிந்துவிட்டிருந்தது. தாயார் சுகமாயிருக்கிறார். ஆனால் அந்த ஐந்து நாளும் அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கோ அப்படியொரு கடிதம் இருப்பதே தெரியாது.

இத்தகைய கடிதங்களில் நோயும் கடனும் குடும்பக் கண்ணீரும் இருப்பதால், அவை பிறருடைய கிடங்கில் கிடக்க வேண்டாமென்று சபைக்குழு தீர்மானித்து, ஆலய அலுவலகத்திலேயே ஒரு சிறு கணினியை அஞ்சல் சர்வராக வைத்திருக்கிறது. அந்தத் தீர்மானம் சரியானதென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அஞ்சல் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல. போகிற கடிதத்தை நம் கணினி தானே சுமந்து வெளியே புறப்படுகிறது. வருகிற கடிதமோ நம்மைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அனுப்புகிற சர்வர் முதலில் நம் டொமைனின் எம்எக்ஸ் பதிவைப் பார்க்கும். அது காட்டும் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்டறியும். பின்பு அந்த முகவரியில் 25ஆம் எண் போர்ட்டைத் தட்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கடிதம் வராது. வரவில்லை என்ற செய்தியும் நமக்கு வராது.

ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளில் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. 4இல் தொடங்கும் பதில் எண்ணுக்கு "இப்போது இயலாது, பிறகு வா" என்று பொருள். 5இல் தொடங்குவதற்கு "இல்லை" என்று பொருள். கதவே அகப்படாவிட்டால் அனுப்புகிற சர்வர் அதை முதல் வகையாகக் கருதி, கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடியும் மறுபடியும் முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி. அதற்கு முன்பே கைவிடுகிறவர்களும் உண்டு. "இல்லை" என்று நம் சர்வர் சொல்லியிருந்தால் அந்தச் சகோதரி ஒரு நிமிடத்தில் அறிந்து அப்போதே அழைத்திருப்பார். தானியேல் விண்ணப்பம்பண்ணின முதல் நாளிலேயே அது கேட்கப்பட்டும், பதிலைக் கொண்டுவந்தவர் இருபத்தொரு நாள் வழியில் தடுக்கப்பட்டதை வேதாகமத்தில் வாசிக்கிறோம். அஞ்சல் சர்வருக்குத் தானியேலா என்று நீங்கள் புன்னகைக்கலாம். தாமதத்தை மறுப்பென்று எண்ணி மனம் நொந்த அந்தச் சகோதரியின் குரலைக் கேட்டபோது எனக்கு அந்த அதிகாரமே நினைவுக்கு வந்தது.

வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். பதிவேட்டில் நிராகரித்த கடிதங்களைத் தேடினார், அப்படி ஒன்றுமில்லை. அதுவே முதல் தடயம் என்றார்: வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, ஒருவரும் வந்து சேரவேயில்லை. அலுவலகத்துக்குள்ளிருந்து 25ஆம் போர்ட்டைத் தட்டினால் சர்வர் உடனே வணக்கம் சொன்னது. எம்எக்ஸ் பதிவும் சரியாயிருந்தது. வெளியூரில் அவருடைய நண்பர் வைத்திருக்கும் சர்வரிலிருந்து தட்டினால் ஓசையே இல்லை. (கைபேசி இணைப்பிலிருந்து சோதிக்காதீர்கள், வெளியே போகும் 25ஆம் போர்ட்டையே பல நிறுவனங்கள் அடைத்துவிடுவதால் பிழையான முடிவு கிடைக்கும்.)

கடைசியில் ரவுட்டரைத் திறந்து பார்த்தார். அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. உலகம் நமக்கென்று அறிந்திருந்த முகவரியோ வேறு. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அந்த மாதம்தான் ஆலயத்திற்குப் புதிய ஃபைபர் இணைப்பு போடப்பட்டிருந்தது. தெரு முழுவதற்கும் ஒரே கதவிலக்கம் இருந்தால், வீட்டைவிட்டு வெளியே போகிறவருக்கு இடைஞ்சலில்லை. தபால்காரர்தான் திகைத்து நிற்பார்.

நிலையான முகவரி வாங்கலாம். மாதக் கட்டணம் அதிகம். ஆகையால் வெளியில் ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, எம்எக்ஸ் பதிவை அதற்கு மாற்றினோம். கடிதங்கள் அங்கே இறங்கும்; நம் கணினி தானே போய் எடுத்து வரும், எடுத்தவுடன் அங்கிருப்பது அழிக்கப்படும். இது புதிய உபாயமன்று. 1986இல் நம் நாட்டில் எர்நெட் தொடங்கியபோது, சென்னை ஐஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களே அதில் இருந்தன. ஆரம்ப நாட்களில் தொலைபேசி இணைப்பில் அழைத்துத்தான் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டில் வரையறுக்கப்பட்ட எம்எக்ஸ் பதிவும், இணையத்தில் நேராக இல்லாதவர்களின் கடிதத்தை இன்னொருவர் வாசலில் வாங்கி வைக்க இடங்கொடுத்தது.

மாற்றிய அன்றே, பல ஊர்களில் வரிசையில் காத்திருந்த பதினொரு கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவற்றிற்கு முந்தியவை வரப்போவதில்லை. கடந்த மாதம் எழுதிப் பதில் பெறாதவர்கள் தயவுசெய்து மறுபடியும் எழுதுங்கள். எல்லா அஞ்சல் சர்வரிலும் கட்டாயம் இருக்க வேண்டிய பெயர் 'போஸ்ட்மாஸ்டர்'. கோளாறு கண்டால் நம் டொமைனில் அந்தப் பெயருக்கு எழுதலாம். அதுவும் திரும்பி வந்தால், ஆலய அலுவலகத் தொலைபேசி இருக்கிறது. மாலை 5 மணிக்குமேல் நானே எடுப்பேன்.