மெசியர் ஐயாவுக்கு, மொட்டை மாடியிலிருந்து

மதிப்பிற்குரிய சார்லஸ் மெசியர் அவர்களுக்கு,

நீங்கள் 1817-இல் காலமாகிவிட்டீர்கள். ஆகவே இந்த மடலை ஊரறிய எழுதுவதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது. நன்றி சொல்ல வந்திருக்கிறேன். முதல் நன்றி, உங்கள் தொலைநோக்கி சுமாரானதாக இருந்ததற்கு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வானம் பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கெடுப்பது படங்கள்தான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படங்களைப் பார்த்து மயங்கி, '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த தொலைநோக்கியை வாங்கி, அதன் ஆட்டங்காணும் முக்காலியோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் ஏராளம். நான் தப்பித்தது இரவல் வாங்கிய ஒரு 10×50 பைனாகுலராலும் உங்கள் பட்டியலாலும்தான்.

நீங்கள் தேடியது வால்மீன்களை. 1758-இல் ரிஷபத்தின் கொம்பருகே வால்மீன் போலவே ஒரு மங்கல் தெரிந்தது; ஆனால் அது இடம்விட்டு நகரவில்லை. இன்று அதை நண்டு நெபுலா என்கிறோம், உங்கள் கணக்கில் எம் 1. இப்படி ஆளை ஏமாற்றுகிற மங்கல்களை எல்லாம் இடம் குறித்து வைத்தீர்கள். 1774-இல் அச்சான முதல் பட்டியலில் 45, பிறகு 103, உங்களுக்குப் பின் வந்தவர்கள் சேர்த்து 110. நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கியதைத்தான் நாங்கள் தேடிப் பார்க்கிறோம் என்பது எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை, அதை விடுங்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எம் 13-ஐப் பார்த்துவிட்டு, வட்டமான மங்கல், இதில் விண்மீன் எதுவும் கிடையாது என்று அடித்து எழுதினீர்கள். உண்மையில் அங்கே இருப்பவை லட்சக்கணக்கான விண்மீன்கள். ஆனால் என் பைனாகுலரிலும் ஒன்றுகூடப் பிரிந்து தெரியவில்லை! பாரிஸ் வானியலாளருக்குத் தெரிந்ததே எனக்கும் தெரிகிறது என்றால், பழுது என் கண்ணில் இல்லை. உங்களை அடுத்து வந்த வில்லியம் ஹெர்ஷல் பெரிய பெரிய ஆடிகளைக் கடைந்து 2,500 மங்கல்களைக் கண்டவர், மகா மேதை. முதல் நாளே அவருடைய பட்டியல் கையில் கிடைத்திருந்தால் நான் செஸ் ஆடப் போயிருப்பேன்.

எம் 42-ஐச் சொல்ல வேண்டும். மாசி மாதம், அமாவாசையை ஒட்டிய முன்னிரவு. ஓரியனின் இடுப்பில் மூன்று விண்மீன்கள் வரிசையாக இருக்குமே, அவை எங்களூரில் ஏறக்குறைய உச்சிவானத்தில் வந்து நிற்கும். நின்றபடி அண்ணாந்தால் பிடரி நோகும், பைனாகுலர் நடுங்கும். அதனால் பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவில் ஊன்றிக்கொள்ள வேண்டும். செல்போனைத் தொடாமல் அரைமணி நேரம் இருட்டில் கிடந்தால்தான் கண் பழகும். அந்த மூன்றுக்கும் கீழே தொங்கும் வாளின் நடுவில் பார்த்தால், விண்மீனைச் சுற்றி ஊதிவிட்ட மூச்சுப்போல் சாம்பல் நிறப் படலம். நேராக முறைத்தால் சுருங்குகிறது; பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்தினால் ஒரு பக்கம் சிறகுபோல் விரிகிறது. சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. சுமார் 1,350 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கிற இடம் அது.

ஜாதகக் கட்டத்தில் மட்டுமே நான் அறிந்திருந்த பெயர்களுக்கு முகவரி கொடுத்தவரும் நீங்களே. பூசத்தருகே எம் 44, கேட்டையை ஒட்டி எம் 4, தேளின் கொடுக்கில் மூலத்துக்குப் பக்கத்தில் எம் 7. ஒரே ஒரு சந்தேகம்: எங்கள் பாட்டிமார் பேரப்பிள்ளைக்கு விரல் நீட்டிக் காட்டும் கார்த்திகையை எந்த மடையன் வால்மீன் என்று நினைப்பான்? அதை 45-ஆவதாக ஏன் சேர்த்தீர்கள்? 44-இல் நிறுத்த மனசு வரவில்லை போலும். அதுவும் நல்லதுக்குத்தான். முதல் இரவில் கையில் சிக்குவது அதுவே.

மேகம் பற்றிய புலம்பல் இங்கும் உண்டு. உங்கள் நாட்டு லெ ஜான்தி, எம் 32-ஐக் கண்டுபிடித்தவர், சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்துக் கிடந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிவிட்டது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டால் எங்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் உங்களைவிட நான் கொடுத்துவைத்தவன். உங்கள் பட்டியலின் தென்கோடியான எம் 7, பாரிசில் அடிவானத்துக்கு மேல் 6 பாகைதான் எழும்பும். மதுரையில் 45 பாகை. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்தோ பாரிசில் உதிப்பதே இல்லை. இங்கே சித்திரை மாதம் இரவு பதினொரு மணிவாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கே உயர்ந்திருக்கும்போது, அதிலிருந்து நேர்கீழாக அடிவானத்தை நோக்கி இறங்கினால் பாதி வழி தாண்டியதும் தட்டுப்படும். உங்கள் பாணியிலேயே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: வட்டமான பெரிய மங்கல், நடுவில் வெளிச்சம் அதிகம், விண்மீன் எதுவும் தெரியவில்லை.


மதுரைப் பக்கத்து மொட்டை மாடிக்காரன்